அம்மாவுக்கு 11 குளிசை: எந்த நுனியில் பிடித்து இழுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஆரையம்பதியில் 78 வயது அம்மா, எடை 46 கிலோ, பிரஷரும் சீனியும் 15 வருடமாக. கடந்த 3 மாதத்தில் இரண்டு தரம் இரவில் சிறுநீர் கழிக்க எழும்பிய இடத்தில் விழுந்திருக்கிறார். பகலில் தூங்கி வழிகிறார், கை நடுங்குகிறது, நடை சுருங்கிவிட்டது. சனல் பண்ணி (தனியாரில் காசு கட்டி) டொக்டரிடம் காட்டிய இடத்தில் பார்கின்சன் வருத்தமாக இருக்கலாம், அதற்கும் ஒரு குளிசை தொடங்குவோம் என்றார்களாம். ஏற்கெனவே எடுப்பது 11 வகை. "பாதியை நாங்களே நிறுத்திப் பார்க்கட்டா?" என்று மகள் கேட்கிறார்.

பாதியை நிறுத்த வேண்டாம். ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம். அது எது என்று சொல்ல முதல், மருந்துகளை அவை வீட்டுக்கு வந்த வழிப்படி பிரித்து வைப்போம்.

கிளினிக்கில் மாதாமாதம் வருவது ஆறு: பிரஷருக்கு லொசார்டன் 50 மி.கி. காலை மாலை, அம்லோடிபின் 10 மி.கி., சீனிக்கு மெட்போர்மின் 500 மி.கி. காலை 2 இரவு 2, கிளிக்ளசைட் 80 மி.கி. காலை மாலை, கொழுப்புக்கு அட்டோர்வஸ்டாட்டின் 20 மி.கி., இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரின் 75 மி.கி. சனலில் எழுதியது மூன்று: கால் வீக்கத்துக்கு பியூரோசமைட் 40 மி.கி. காலை மாலை, தலைச்சுற்றுக்குச் சின்னரிசின் 25 மி.கி. மூன்று வேளை, நித்திரைக்கும் உளைவுக்கும் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. இரவில். பாமசியில் கேட்டு வாங்குவது இரண்டு: முழங்கால் உளைவுக்கு டைக்ளோபெனாக் 50 மி.கி., அது வயிற்றை எரிக்காமல் இருக்க ஒமிபிரசோல் 20 மி.கி.

5 வகையோ அதற்கு மேலோ என்றால் மருத்துவத்தில் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டிய நிலை என்று எடுப்பார்கள். ஆனால் எண்ணைப் பார்த்து மட்டும் பயப்படத் தேவையில்லை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு 6, 7 குளிசை நியாயமாகவே வேண்டும். இந்த அம்மாவின் விஷயத்தில் கோளாறு, மூன்று இடத்திலிருந்து வந்ததை ஒரே மேசையில் பரப்பி ஒருவரும் பார்க்காததில்தான் இருக்கிறது. பரப்பிப் பார்த்தால் இது 11 தனி மருந்து அல்ல, ஒரே நூலில் விழுந்த முடிச்சுகள் என்று தெரியும்.

நூலின் நுனி டைக்ளோபெனாக். நோவுக் குளிசைகளில் இந்த வகை எல்லாமே (டைக்ளோபெனாக், ஐபுபுரோபென், மெபனமிக் அசிட்) சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கும். அதனால் பிரஷர் ஏறும். லொசார்டன் இறக்கப் பார்ப்பதை இது ஏற்றிக்கொண்டே இருக்கும். கிளினிக்கில் பிரஷர் இறங்கவில்லை என்று அம்லோடிபினை 5இலிருந்து 10 ஆக்குவார்கள். வீட்டில் டைக்ளோபெனாக் போடுவதை அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது "சும்மா உளைவுக் குளிசை"தானே.

அம்லோடிபின் 10 மி.கி.க்குக் கணுக்கால் வீங்குவது மிகச் சாதாரணம். மெல்லிய நாடிகளை அது விரிப்பதால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து காலில் இறங்குகிறது. காலையில் குறைவாகவும் பின்னேரம் கூடவும் இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். உடம்பில் தண்ணீர் கூடி வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் போக்கும் குளிசை இதைப் பெரிதாகக் குறைக்காது. அளவை 5 மி.கி.க்கு இறக்கினால் வீக்கம் பெரும்பாலும் வடியும். இங்கே நடந்தது வேறு. வீக்கத்தைப் புதிய வருத்தமாக எடுத்து பியூரோசமைட் வந்துவிட்டது.

பியூரோசமைட் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும், சுமார் 6 மணித்தியாலம் நீரைப் போக்கும். காலை 8 மணிக்குப் போட்டால் பகல் 2 மணிக்குள் முடிந்துவிடும். மாலைக் குளிசையை இரவுச் சாப்பாட்டோடு 7, 8 மணிக்குப் போட்டால்? அம்மா 10 மணிக்கும் 12 மணிக்கும் எழும்பித்தான் ஆகவேண்டும். கவரில் "காலை மாலை" என்று எழுதியிருந்தால் நம் வீடுகளில் மாலை என்பது இராச் சாப்பாடுதான். இரண்டாவது வேளை தேவையானால் அது பகல் 2 மணிக்குள் இருக்கவேண்டும் என்று கொடுக்கிறவர் வாயால் சொன்னால்தான் தெரியும்.

இனி, உடம்பில் நீர் குறைந்து, லொசார்டன், அம்லோடிபின், பியூரோசமைட் மூன்றும் சேர்ந்து பிரஷரை இறக்கி வைத்திருக்கும்போது படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். இதை வீட்டிலேயே அளக்கலாம். 5 நிமிடம் படுக்க வைத்து பிரஷரை எடுங்கள். எழும்பி நிற்க வைத்து 1ஆம் நிமிடமும் 3ஆம் நிமிடமும் திரும்ப எடுங்கள், ஒருவர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுகைக்கு அதுவே போதுமான காரணம். கிளினிக்கில் இருக்கையில் வைத்து எடுக்கும் பிரஷர் இதைக் காட்டாது.

அந்தத் தலைச்சுற்றுக்குத்தான் சின்னரிசின். காதுக்குள் வரும் ஒருவகைச் சுற்றுக்குச் சில நாள் கொடுக்கலாம். மாதக்கணக்கில், அதுவும் வயதானவருக்குக் கொடுத்தால், மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமினின் வேலையைத் தடுத்து பார்கின்சன் போன்ற தோற்றத்தையே உண்டாக்கும்: நடுக்கம், மந்த நடை, சலனமில்லாத முகம். வாந்திக்கும் சுற்றுக்கும் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைட் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். எனவே இப்போது பார்கின்சன் குளிசை தொடங்கினால் அது 12ஆவது முடிச்சு. மருந்தால் வந்த நடுக்கத்துக்குப் பார்கின்சன் குளிசையான லெவோடோபா பெரிதாக உதவவும் மாட்டாது. முதலில் சின்னரிசினை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். நடுக்கம் நாலு நாளில் போகாது, வாரங்களும் மாதங்களும் எடுக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் உண்மையான பார்கின்சன் அடியில் இருந்திருக்கலாம், அப்போது நரம்பியல் டொக்டரிடம் போவது சரி.

அமிட்ரிப்டிலின் தனியாகவே போதுமான தொல்லை. வாய் காயும், மலம் இறுகும், எழும்பும்போது பிரஷர் விழும், நினைவு மங்கும். பகல் தூக்கத்துக்கும் பெயர் மறப்பதற்கும் இதுதான் முதல் சந்தேகநபர். ஆண்களில் புரஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்தும் போகும். இதோடு கடிக்கு, தடிமனுக்கு என்று இரவில் ஒரு பிரிட்டோனும் விழுங்கினால் இரண்டும் ஒரே வகைக் கெடுதல், ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துவரும் பியர்ஸ் பட்டியல் (1991இல் முதன்முதல் வந்தது, 2023இலும் திருத்தப்பட்டது) 65 வயதுக்கு மேல் தவிர்க்கச் சொல்லும் மருந்துகளில் இந்த இரண்டும் இருக்கின்றன.

சிறுநீரகக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் "கிரியாட்டினின் நோர்மல்" என்ற வார்த்தை பல வீடுகளை ஏமாற்றுகிறது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. அம்மாவின் ரிப்போட்டில் 1.1. கொக்ரொப்ட்–கோல்ட் சூத்திரம்: 140இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72ஆல் பெருக்கிய கிரியாட்டினினால் பிரி, பெண் என்றால் 0.85ஆல் பெருக்கு. 62 × 46 = 2852. 72 × 1.1 = 79.2. பிரித்தால் 36. அதை 0.85ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 31, சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் மி.லீ. அளவு. இளம் வயதில் 100க்குப் பக்கத்தில் இருப்பது இப்போது மூன்றில் ஒன்று. தசை குறைந்த மெலிந்த உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு, அதனால் எண் அழகாகத் தெரிகிறது. ஆய்வுகூடம் அச்சடிக்கும் வேறு சூத்திரத்தில் இதைவிடக் கூடிய எண் வரலாம், ஆனாலும் டொக்டருக்கு எடையோடு சேர்த்துக் காட்டவேண்டிய கணக்கு இது. மெட்போர்மினை வடிகட்டும் அளவு 45க்குக் கீழே போனால் பாதியாக்குவதும் 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழமை. நாளைக்கு 2000 மி.கி. என்பது இந்த அம்மாவுக்குக் கட்டாயம் திரும்பப் பார்க்கவேண்டிய அளவு.

லொசார்டன், பியூரோசமைட், டைக்ளோபெனாக் மூன்றும் ஒரே உடம்பில் இருந்தால் சிறுநீரகம் சடுதியாகப் படுத்துவிடலாம். வெயில் காலத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது, தண்ணீர் குடிக்காமல் ஒரு நாள் வயிற்றோட்டம் போனால் போதும். ஆகவே இன்றைக்கே நிறுத்தவேண்டிய ஒன்று டைக்ளோபெனாக். அது டொக்டர் எழுதியது இல்லை, படிப்படியாகக் குறைக்கத் தேவையும் இல்லை. உளைவுக்கு பனடோல் 500 மி.கி. ஒரு குளிசை, வேண்டுமானால் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம். 46 கிலோ உடம்புக்கு ஒரேயடியாக இரண்டு வேண்டாம். தடிமன் குளிசைகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். முழங்காலுக்குப் பூசும் டைக்ளோபெனாக் ஜெல் பாவிக்கலாம், அதில் இரத்தத்துக்குள் போவது குளிசையில் ஒரு சிறு பங்குதான். நோவுக்கு ஊசி போட்டுவிடும் இடங்களில் அந்த ஊசியும் பெரும்பாலும் இதே மருந்துதான்.

டைக்ளோபெனாக் போனால் ஒமிபிரசோலும் போகலாமா? இந்த வயதில் அஸ்பிரின் இருக்கும்வரை வயிற்றைக் காக்க அது இருப்பது நல்லது. அஸ்பிரின் தேவையா என்பதுதான் உண்மையான கேள்வி. மாரடைப்பு, ஸ்டென்ட், பாரிசவாதம் வந்தவர் என்றால் அதைத் தொடவே கூடாது. ஒன்றும் வராதவருக்கு "இருக்கட்டும்" என்று எழுதியது என்றால், இந்த வயதில் வயிற்றில் இரத்தம் கசியும் அபாயம் நன்மையைவிடக் கூட. டொக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள். மலம் தார்போல் கறுத்துப் போனால் கேள்வி பதிலுக்கு நேரமில்லை, அம்புலன்சுக்கு 1990க்கு எடுங்கள்.

கிளிக்ளசைட் அம்மா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும். சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் அதன் தாக்கம் நீளும், கிளிபென்கிளமைட் என்றால் இன்னும் மோசம். வயதானவருக்குச் சீனி இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் வெளியே தெரியாமலே போகலாம். தடுமாற்றம், பினாத்தல், விழுகை என்றுதான் வரும், வீட்டார் "வயசு போயிற்று" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று இரவு 2 மணியளவில் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்கவேண்டும், மயக்கத்தில் இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. மெலிந்த 78 வயதுக்காரருக்கு எச்.பி.ஏ.1.சி (சுமார் 3 மாதச் சராசரிச் சீனி) 6.5 என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, 8ஐ ஒட்டி இருப்பதே பாதுகாப்பு.

தானாக நிறுத்தக்கூடாதவற்றையும் சொல்லவேண்டும், பாதியைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அட்டனலோல், பிசப்பிரலோல் போன்ற இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசைகளைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியும் படபடப்பும் திரும்பும். பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் விட்டால் உடம்பு சரிந்துவிடும். வலிப்புக் குளிசை, டயசபாம், குளோனசபாம் போன்ற நித்திரைக் குளிசைகள், அமிட்ரிப்டிலின் எல்லாம் வாரக்கணக்கில் படிகளாக இறக்கவேண்டியவை. இதயம் பலவீனமானவருக்கு பியூரோசமைட் உயிர்காப்பு. அம்மாவுக்கு எக்கோ எடுத்து இதயம் சரி என்று தெரிந்தால்தான் அதில் கைவைக்கலாம்.

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய சில சோடிகள். தொய்வுக்கு தியோபிலின் எடுப்பவருக்கு சிப்ரோபிளொக்சசின் அல்லது எரித்ரோமைசின் கொடுத்தால் தியோபிலின் இரத்தத்தில் ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்புவரை போகும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தால் இரத்தம் உறைவது நின்று கசியத் தொடங்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் சொட்டு மருந்து தொய்வைக் கிளப்பும், நாடித்துடிப்பையும் குறைக்கும், சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும். நாள்தோறும் போட்டு உயிர் போனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், கவரில் கிழமையின் பெயரையே எழுதி வையுங்கள்.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவதும் இங்கே அடிக்கடி நடக்கும். ஆஸ்பத்திரிக் கவரில் மருந்தின் பொதுப்பெயர், வெளியே வாங்கும் அட்டையில் கம்பனிப் பெயர் பெரிதாக, பொதுப்பெயர் அதன் கீழே பொடி எழுத்தில். அந்தப் பொடி எழுத்தைத்தான் வாசிக்கவேண்டும். 2022 நெருக்கடியில் கிளினிக்கில் மருந்து முடிந்து வெளியே வாங்கப் பழகிய வீடுகளில், கிளினிக் மருந்து திரும்ப வரத் தொடங்கிய பிறகும் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. நிறத்தை நம்பக்கூடாது. போன மாதம் வெள்ளையாக இருந்த லொசார்டன் இந்த மாதம் வேறு நிறத்தில் வரலாம், 50க்குப் பதில் 25 வந்தால் எண்ணிக்கையும் மாறும்.

நாட்டு மருந்தையும் மேசையில் வையுங்கள், பரியாரியார் தந்தது என்று ஒளிக்க வேண்டாம். கோதல ஹிம்புட்டு, பாவற்காய்ச் சாறு ஆகியவை சீனியை இறக்கும், கிளிக்ளசைட்டோடு சேர்ந்தால் கூடவே இறக்கும். இருமலுக்குக் காய்ச்சும் குடிநீரில் அதிமதுரம் நாள்கணக்கில் போனால் பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கும். பியூரோசமைட்டும் பொட்டாசியத்தை இறக்குவதுதான், இதயத்துக்கு டிகொக்சின் எடுப்பவருக்கு அது ஆபத்து. இளநீர் இதற்கு எதிர்ப்பக்கம்: ஒன்றிலேயே ஒரு வாழைப்பழத்தைவிடக் கூடப் பொட்டாசியம். பொட்டாசியத்தைத் தேக்கும் லொசார்டனோ ஸ்பைரனோலக்டோனோ எடுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர் வெயிலுக்கு நாளைக்கு இரண்டு மூன்று குடித்தால் இதயத்துடிப்பே குழம்பலாம். காமரங்காச் சாறும் சிறுநீரகக்காரருக்கு நஞ்சு.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் உம்மாமார் காலைக் கிளிக்ளசைட்டை ஸஹரில் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி இருப்பது பெரிய அபாயம். ரமழானுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முந்தியே கிளினிக்கில் கேட்டால் பெரிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி எழுதித் தருவார்கள். கந்தசஷ்டி விரதத்துக்கும், உகந்தையிலிருந்து குமண காட்டு வழியே கதிர்காமம் நடப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான், அங்கே நீர் போக்கும் குளிசையும் சேர்ந்துகொள்ளும். வாந்தி வயிற்றோட்டம் வந்தால் மெட்போர்மின், லொசார்டன், பியூரோசமைட் மூன்றையும் எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று நல்லாக இருக்கும்போதே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுப்பதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

இனிச் செய்யவேண்டியது. வீட்டிலுள்ள எல்லாம், தலையணைக்குக் கீழே இருப்பது, மேசை லாச்சியில் இருப்பது, சொட்டு, பூச்சு, சூரணம் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் போடுங்கள். ஒரு தாளில் ஐந்து நிரல்: பெயர் (கவரில் உள்ளபடியே), மி.கி., உண்மையில் எப்போது போடுகிறார், யார் எழுதினார், எதற்கு. கடைசி நிரலில் "தெரியாது" என்று வருவதுதான் முதலில் பேசவேண்டியது. கவரில் 'மேன்' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு, 'பி.டி.' இரண்டு வேளை, 'ரி.டி.எஸ்.' மூன்று வேளை. விழுந்த திகதிகளையும், படுத்தும் நின்றும் எடுத்த பிரஷரையும், இரவுச் சீனியையும் தாளின் பின்பக்கம் எழுதுங்கள்.

கொண்டுபோகவேண்டியது கூடுதலான மருந்து வரும் இடத்துக்கு. மட்டக்களப்பு போதனாவோ களுவாஞ்சிகுடியோ, அந்தப் பொது வைத்திய கிளினிக்கின் டொக்டரிடம். நெரிசலில் கிடைப்பது சில நிமிடம், அதனால் கதை சொல்லாமல் தாளை நீட்டி இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், அம்மா இரண்டு தரம் விழுந்திட்டா. டைக்ளோபெனாக்கை நிப்பாட்டிட்டம். இதில எதைக் குறைக்கலாம்?" என் கணிப்பில் ஒழுங்கு இப்படி வரும்: சின்னரிசின் நிறுத்தம், அம்லோடிபின் 5க்கு, வீக்கம் வடிந்தால் பியூரோசமைட் நிறுத்தம், கிளிக்ளசைட் குறைப்பு, மெட்போர்மின் அளவு, கடைசியாக அமிட்ரிப்டிலின் 10 மி.கி. வழியாகப் பூச்சியத்துக்கு. ஒரு தடவைக்கு ஒன்று, இடையில் இரண்டு கிழமையாவது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாருக்கும் சொல்ல முடியாது. சின்னரிசினையும் கிளிக்ளசைட்டையும் மட்டும் டொக்டர் ஒரே நாளில் தொடக்கூடும், இரவுச் சீனி 70க்குக் கீழே போயிருந்தால் அது காத்திருக்கக்கூடாது. பியூரோசமைட்டைக் குறைத்த பிறகு காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ திரும்ப ஆஸ்பத்திரிக்கு.

டொக்டர் வாயால் "நிப்பாட்டுங்கோ" என்றால் கொப்பியிலும் வெட்டிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். கொப்பியில் வெட்டாத குளிசையை அடுத்த கிளினிக்கில் வேறொரு டொக்டர் பார்த்தெழுதுவார், மருந்து கொடுக்கும் யன்னலில் அது திரும்பக் கவரில் வரும். அந்தத் தாளின் ஒரு பிரதி சனல் டொக்டருக்கும், ஒன்று வழமையாக வாங்கும் பாமசிக்காரருக்கும். நிறுத்திய அட்டைகளை அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றுங்கள், அதிலும் டைக்ளோபெனாக்கை. மழைக்கு முழங்கால் உளையும்போது அம்மாவின் கை தேடிப்போவது அதைத்தான்.